ஆள் ஏற்றும் எஞ்சின் சரக்கை இழுக்குமா? பல்சக்கரத்தில் இருக்கிறது பதில்

கப்சாய் மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பின்சக்கரத்து ஸ்ப்ரோக்கெட்டைச் சிறியதாக மாற்றினால் நெடுஞ்சாலையில் வண்டி பறக்கும். அதே வண்டியில் ஓர் அரிசி மூட்டையையும் கேஸ் தோம்பையும் கட்டிக்கொண்டு தோட்டத்து மேட்டில் ஏறினால் பாதி வழியிலேயே திணறி நின்றுவிடும். எஞ்சின் மாறவில்லை, பெட்ரோல் மாறவில்லை. சங்கிலி மாட்டும் பல்சக்கரம் மட்டுமே மாறியது.

6,000 குதிரைத்திறன் கொண்ட இரயில் எஞ்சினுக்கும் இதே விதிதான்.

2020 மார்ச் மாதம் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த அதே வாரத்தில் இந்தியாவிலும் பயணிகள் இரயில்கள் நின்றுபோயின. ஆனால் சரக்கு இரயில்களை நிறுத்த முடியாது. மின் நிலையங்களுக்கு நிலக்கரி போக வேண்டும். ரேஷன் கடைகளுக்கு அரிசியும் கோதுமையும் போக வேண்டும். ஒரு பக்கம் விரைவு இரயில்களை இழுக்கும் எஞ்சின்கள் பணிமனைகளில் வேலையின்றி வரிசை கட்டி நின்றன. மறு பக்கம் பாதைகள் காலியாகக் கிடந்ததால் சரக்கு வண்டிகளை வழக்கத்தைவிட வேகமாக ஓட்ட முடிந்தது. சும்மா நிற்கும் எஞ்சினைச் சரக்கு வண்டியில் மாட்டினால் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. பல இடங்களில் மாட்டவும் செய்தார்கள்.

அது எந்த அளவுக்குச் சரி என்பதை இரண்டு எஞ்சின்களை அருகருகே வைத்துப் பார்த்தால் புரியும்.

ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு

தமிழ்நாட்டுக்குச் சொந்தம் பார்க்கப் போய், சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ இரவு இரயில் ஏறியவர்கள், முன்னால் மாட்டியிருக்கும் பெரிய மின்சார எஞ்சினைப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் அது டபிள்யூஏபி-7 என்ற ரகம். பெயரில் உள்ள ‘பி’ பயணிகள் வண்டிக்கு உரியது என்பதைக் குறிக்கும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும். 24 பெட்டிகளைத் தனியாக இழுத்துச் செல்லும்.

இதற்கு ஓர் அண்ணன் உண்டு. டபிள்யூஏஜி-9. ‘ஜி’ என்றால் சரக்கு. 1990களில் ஏபிபி நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் இந்தியாவுக்கு வந்த இந்தச் சரக்கு எஞ்சினை அடிப்படையாக வைத்துத்தான், மேற்கு வங்காளத்திலுள்ள சித்தரஞ்சன் தொழிற்சாலை 2000ஆம் ஆண்டு வாக்கில் பயணிகள் எஞ்சினை உருவாக்கியது. இரண்டுக்கும் உடற்கூடு ஏறக்குறைய ஒன்று. எடை 123 டன், ஆறு அச்சுகள், குதிரைத்திறன் 6,000க்கு மேல். நிறத்தை மறைத்துவிட்டால் பழக்கமில்லாதவர்களுக்கு எது எது என்று சொல்வது கடினம்.

வேறுபாடு கீழே, மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் கியரில் இருக்கிறது. சரக்கு எஞ்சினில் மோட்டார் பக்கம் 15 பல், சக்கரத்து அச்சின் பக்கம் 77 பல். அதாவது மோட்டார் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். பயணிகள் எஞ்சினில் இது 20க்கு 72. மோட்டார் மூன்றரைச் சுற்றுக்குச் சற்று மேலே சுற்றினாலே சக்கரம் ஒரு முறை சுற்றிவிடும்.

இந்தச் சில பற்கள் செய்யும் வேலையைப் பாருங்கள். சரக்கு எஞ்சினின் உச்ச வேகம் 100 கிலோமீட்டர். பயணிகள் எஞ்சினுக்கு 140. ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது சரக்கு எஞ்சின் கொடுக்கும் இழுவிசை ஏறக்குறைய 47 டன். பயணிகள் எஞ்சின் கொடுப்பது 33 டன். வேகத்தில் எந்த விகிதத்தில் கூடியதோ, கிட்டத்தட்ட அதே விகிதத்தில் இழுவையில் குறைந்துவிட்டது. குதிரைத்திறன் என்பது வேகத்தையும் இழுவையையும் பெருக்கி வரும் தொகை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். 6,000 குதிரைத்திறன் எஞ்சின் எதையும் இழுக்கும் என்று நினைப்பவர்கள் தவறிப்போகும் இடம் இதுதான்.

மேட்டில் நடக்கும் கணக்கு

நிலக்கரி ஏற்றிய இந்தியச் சரக்கு வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 58 வேகன்கள். ஒவ்வொன்றும் சரக்கோடு சேர்த்து 90 டன் அளவு. மொத்தம் 5,200 டன்னைத் தாண்டும். நீளம் ஏறக்குறைய 700 மீட்டர். செம்பனைக் குலை ஏற்றிய 10 டன் லோரிகளாகப் பார்த்தால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட லோரிச் சுமைகள் ஒரே கயிற்றில் கட்டப்பட்டதுபோல.

சமதளத்தில் இதை இழுப்பது ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. இரும்புப் பாதையில் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் ஒரு டன் எடைக்கு இரண்டு கிலோவுக்கும் குறைவான இழுவிசை போதும். நின்ற நிலையில் கிளப்ப அதைப்போல் இரு மடங்கு தேவைப்படலாம். அப்படிப் பார்த்தாலும் 5,200 டன் வண்டியைச் சமதளத்தில் கிளப்ப 20 டன் அளவு இழுவிசை போதுமானது. 33 டன் கொடுக்கும் பயணிகள் எஞ்சின் அதைத் தாராளமாகச் செய்யும்.

மேடு வந்தவுடன் கதை மாறுகிறது. 200 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரும் பாதையைக் கண்ணால் பார்த்தால் மேடு என்றே தெரியாது. சைக்கிளில் போகிறவர்கூட உணரமாட்டார். ஆனால் அந்த மேட்டில் 5,200 டன் வண்டி தன் எடையில் இருநூறில் ஒரு பங்கைப் பின்னோக்கி இழுக்கும். அது 26 டன். உராய்வுக்கு ஒன்பது டன் அளவு சேர்த்தால் 35 டன். பயணிகள் எஞ்சினின் முழு பலமும் 33 டன்தான். இரண்டு டன் துண்டு விழுகிறது. சரக்கு எஞ்சினிடமோ இன்னும் 12 டன் கையிருப்பு இருக்கிறது.

அடிவாரத்துக்கு நல்ல வேகத்தில் வந்தால், மேடு குட்டையாக இருக்கும் பட்சத்தில், அந்த வேகத்தின் தள்ளுதலிலேயே வண்டி ஏறிவிடும். இதை நம்பித்தான் பல நேரங்களில் ஓட்டுநர்கள் போகிறார்கள். ஆனால் அடிவாரத்தில் சிவப்பு விளக்கு விழுந்துவிட்டால்? முன்னால் போன வண்டி தாமதமாகி, மேடு தொடங்கும் இடத்தில் சில நிமிடங்கள் நிற்க நேர்ந்தால்? பச்சை விளக்கு எரிந்ததும் ஓட்டுநர் கைப்பிடியைத் தள்ளுவார். எஞ்சின் முனகும். வண்டி ஓர் அடி நகரலாம், நகராமலும் போகலாம். அவ்வளவுதான்.

அப்படி ஒரு வண்டி மேட்டில் சிக்கினால் அந்தப் பாதை முழுவதும் முடங்கும். பின்னாலிருந்து இன்னோர் எஞ்சினைக் கொண்டுவந்து தள்ள வேண்டும். அல்லது வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை அடுத்த நிலையத்தில் விட்டுவிட்டு வந்து பின்பாதியை எடுக்க வேண்டும். பிரித்து நிறுத்தும் பகுதி பின்னோக்கி உருண்டுவிடாமல் ஒவ்வொரு வேகனாகக் கைப்பிரேக்கை முறுக்க வேண்டியிருக்கும். நள்ளிரவில், மழையில், 700 மீட்டர் நீள வண்டியின் ஓரமாகச் சரளைக்கல்லில் நடந்து இந்த வேலையைச் செய்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான். பின்னால் வரும் விரைவு இரயில்களில் இருப்பவர்களுக்கு ஏன் நிற்கிறோம் என்றே தெரியாது.

ஓர் எஞ்சினைத் தவறான பாதைக்கு அனுப்புவதன் விலை இது. அலுவலகத்தில் உட்கார்ந்து எஞ்சின் ஒதுக்குபவருக்கு அது பட்டியலில் ஒரு வரி. விலை கொடுப்பது பாதையில் இருப்பவர்கள்.

வழுக்கலும் சூடும்

பல்சக்கரத்தோடு கணக்கு முடிந்துவிடாது. எஞ்சினின் எடையும் முக்கியம். சக்கரம் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ள மேலிருந்து அழுத்தம் வேண்டும். எடை குறைந்த எஞ்சின் எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். சேற்றில் மாட்டிய லோரி டயர்போல. இந்தியாவின் இன்னொரு வேக எஞ்சினான டபிள்யூஏபி-5க்கு நான்கே அச்சுகள், எடை 78 டன். மணிக்கு 160 கிலோமீட்டர் ஓடும் அந்த எஞ்சினுக்கு இலேசாக இருப்பது பெரிய வசதி. சரக்கு வண்டிக்கு முன்னால் மாட்டினால் அதே வசதி குறையாகிவிடும். மழை பெய்து தண்டவாளம் நனைந்தால் இன்னும் மோசம். அப்போது சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தூவிப் பிடிப்பை வரவழைப்பார்கள். எல்லா எஞ்சின்களிலும் அதற்கென்று மணல் பெட்டி உண்டு.

சரக்கு எஞ்சினில் நிலைமை நேர்மாறு. 123 டன் போதாது என்று வேண்டுமென்றே கூடுதல் இரும்புச் சுமை ஏற்றி 132 டன் ஆக்கிய ரகமும் ஓடுகிறது. எரிபொருளை மிச்சப்படுத்த கார்களின் எடையைக் குறைக்கும் காலத்தில், இரயிலில் மட்டும் எடையை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

அடுத்தது சூடு. பழைய வகை நேர்மின் மோட்டார் பொருத்திய எஞ்சின்களில் இதுதான் பெரிய பயம். வண்டி மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்க, முழு மின்சாரமும் மோட்டாருக்குள் பாய்ந்தால், உள்ளே செம்புச் சுருள்கள் கொதிக்கும். நின்ற நிலையில் நகராமல் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால் மோட்டாரின் ஒரே பகுதி சுட்டுக் கருகும். அதனால் ஒவ்வொரு ரகத்துக்கும், இந்த வேகத்துக்குக் கீழே இத்தனை நிமிடங்களுக்கு மேல் முழு பலத்தில் இழுக்கக்கூடாது என்ற வரம்பு உண்டு. வேக கியர் பொருத்திய பயணிகள் எஞ்சினுக்கு அந்த வரம்பு சீக்கிரமே வந்துவிடும். இன்றைய மூன்று கட்ட மின் மோட்டார்கள் இதை நன்றாகத் தாங்கும் என்றாலும், அவற்றுக்கும் எல்லை இல்லாமல் இல்லை.

ஓட்டுபவரின் கையும் இங்கே பேசப்பட வேண்டும். சரக்கு வேகன்களின் இணைப்புகளில் சற்றுத் தொய்வு இருக்கும். நல்ல ஓட்டுநர் அந்தத் தொய்வைப் பயன்படுத்தி, முதல் வேகன், இரண்டாவது, மூன்றாவது என்று ஒன்றன்பின் ஒன்றாக வண்டியை எழுப்புவார். அவசரப்பட்டு இழுத்தால் நடுவில் இணைப்புக் கொக்கி முறிந்துவிடும். பிரேக் பிடிப்பதும் அப்படித்தான். முன்னால் காற்றழுத்தத்தைக் குறைத்தால் கடைசி வேகனுக்குச் செய்தி போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும். இந்தியாவில் ஓட்டுநர்கள் முதலில் சரக்கு வண்டியில் தேர்ந்து, பிறகுதான் பயணிகள் வண்டிக்கும் விரைவு வண்டிக்கும் பதவி உயர்கிறார்கள். மரியாதை விரைவு வண்டி ஓட்டுபவருக்கு. ஆனால் கடினமான வேலை எது என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

எங்கே சரிப்பட்டு வரும்?

இத்தனைக்குப் பிறகும், பயணிகள் எஞ்சின் சரக்கு இழுக்கவே கூடாது என்று சொல்லிவிட முடியாது. நிலக்கரியை இறக்கிவிட்டுச் சுரங்கத்துக்குத் திரும்பும் காலி வேகன்களை எடுத்துக்கொள்ளுங்கள். 58 காலி வேகன்களின் எடை 1,200 முதல் 1,300 டன். 24 பெட்டி விரைவு இரயிலின் எடையும் ஏறக்குறைய அதுதான். பயணிகள் எஞ்சினுக்கு அது பழகிய சுமை. சரக்கு எஞ்சினை அந்த வேலையிலிருந்து விடுவித்து, ஏற்றிய வண்டிக்கு அனுப்பலாம். பார்சல் வண்டி, காய்கறி, பால் வண்டிகளும் அப்படியே. எடை குறைவு, வேகம் தேவை. அங்கே வேக எஞ்சின்தான் மேல்.

ஏற்றிய வண்டியே ஆனாலும், ஆற்றுச் சமவெளிகளில் மேடில்லாத நீண்ட பாதைகளில் ஓரளவு சமாளிக்கலாம். மேடு இருந்தால் இரண்டு எஞ்சின்களை இணைத்து ஒரே ஓட்டுநர் ஓட்டலாம். 33 டன் அப்போது 66 டன் ஆகிவிடும். ஆனால் ஒரு வேலைக்கு இரண்டு எஞ்சின் செலவாகிறது. பணிமனையில் எஞ்சின்கள் சும்மா நிற்கும் கொரோனா காலத்துக்கு அது சரி. சாதாரண நாளில் அது வீண்.

2022 ஏப்ரல் கடைசியில் இந்தியாவில் கடும் வெயிலோடு நிலக்கரித் தட்டுப்பாடும் சேர்ந்தபோது, நிலக்கரி வண்டிகளுக்கு வழிவிடப் பல பயணிகள் இரயில்கள் இரத்து செய்யப்பட்டன. நிலக்கரி ஒரு நாள் தாமதமானால் எங்கோ ஒரு சிற்றூரில் மின்விசிறி நிற்கிறது. எந்த எஞ்சினை எதற்கு மாட்டுவது என்ற கேள்வி வெறும் இரயில் பிரியர்களின் பேச்சல்ல.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. மும்பைக்குக் கிழக்கே கசாரா மலைப்பாதை 37 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிறது. அங்கே ஏறும் பயணிகள் இரயில்களுக்குப் பின்னால், சரக்கு வேலைக்கு உரிய எஞ்சின்களை மாட்டித் தள்ளிவிடுகிறார்கள். மலை உச்சியில் கழற்றிவிடுவார்கள். வேகத்துக்குப் பெயர்போன இரயிலையும் அந்தச் சில கிலோமீட்டருக்கு முரட்டு எஞ்சின்தான் காப்பாற்றுகிறது.

பிரிட்டன் செய்து பார்த்தது

பல்லை மாற்றினால் போதுமே, பயணிகள் எஞ்சினைச் சரக்கு எஞ்சினாக மாற்றிவிடலாமே என்று தோன்றலாம். பிரிட்டன் அதைச் செய்து பார்த்தது. மணிக்கு 100 மைல் ஓடும் 50ஆம் ரக டீசல் எஞ்சின்கள் அங்கே 1967, 1968ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டவை. 1987இல் அவற்றில் ‘டிஃபையன்ஸ்’ என்று பெயரிடப்பட்ட ஒன்றை எடுத்து, 37ஆம் ரக எஞ்சினின் சக்கரச் சட்டத்தைப் பொருத்தி, வேகத்தைக் குறைத்து, இழுவையைக் கூட்டி, மேற்கு இங்கிலாந்தில் சரக்கு இழுக்க விட்டார்கள். எண்ணையும் நிறத்தையும்கூட மாற்றினார்கள். 1989இல் அது பழைய எண்ணுக்கும் பழைய வேலைக்கும் திரும்பிவிட்டது. மாற்றப்பட்டது அந்த ஒரே எஞ்சின்தான்.

அந்த 50ஆம் ரக எஞ்சின்கள் பிறந்த இடம் வல்கன் ஃபவுண்ட்ரி என்ற தொழிற்சாலை. மலாயாவுக்கு அது அந்நியமான பெயர் அல்ல. மலாயா இரயில்வேயின் நெடுந்தூரப் பாதைக்கு 1957இல் வந்த 20ஆம் ரக டீசல் எஞ்சின்களும் அதே தொழிற்சாலையில் செய்யப்பட்டவைதான்.

மலேசியா போன வழி

மலேசிய இரயில்வே இந்தப் பிரிவினைக்குள் அதிகம் போகவில்லை. நீராவிக் காலத்தில் 56ஆம் ரக எஞ்சின் இரண்டையும் இழுத்தது. டீசல் காலத்திலும் அதுவே வழக்கமானது. ஜொகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஷட்டல் தெப்ராவ் இரயிலில் போனவர்கள் முன்னால் பார்த்த டீசல் எஞ்சின் வகையே, சிமெண்டையும் பாடாங் பெசாரிலிருந்து வரும் கொள்கலன்களையும் இழுக்கிறது. 1990களில் எஞ்சின் பற்றாக்குறை வந்தபோது இந்தியாவிலிருந்து குத்தகைக்கு வந்த ஒய்டிஎம்-4 ரகமும் இரண்டு வேலைக்கும் பொதுவானதே.

மீட்டர் அகலப் பாதை, அவ்வளவு பெரிய வேகம் இல்லை, 5,000 டன் வண்டியும் இல்லை. அதனால் நடுத்தரமான பல் விகிதம் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பேற்ற முடிந்தது. சிறிய இரயில்வேக்கு இது புத்திசாலித்தனமான தேர்வுதான். இரவு ஆள் ஏற்றிப் போன எஞ்சினைப் பகலில் சரக்குக்கு அனுப்ப யாரும் இருமுறை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தைப்பிங்குக்கும் பாடாங் ரெங்காஸுக்கும் இடையே புக்கிட் பெராப்பிட் கணவாயில் வளைந்து ஏறிய பழைய பாதை மட்டும் ஓட்டுநர்களைச் சோதித்தது. மின்மயப் பணியின்போது அங்கே 3.3 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வந்ததும் அந்தச் சோதனை குறைந்தது.

இடிஎஸ் வந்த பிறகு நிலைமை வேறு. மணிக்கு 140 கிலோமீட்டர் ஓடும் இடிஎஸ் இரயிலுக்குத் தனி எஞ்சினே கிடையாது. மோட்டார்கள் பல பெட்டிகளுக்கு அடியில் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. அதைக் கழற்றி ஒரு கொள்கலன் வண்டிக்கு முன்னால் மாட்ட முடியாது. பயணிகள் வண்டி நின்றுபோன 2020 போன்ற நாள் மீண்டும் வந்தாலும், இடிஎஸ் தொடர்கள் நிலையத்தில் நிற்க வேண்டியதுதான். மேற்குக் கரையில் நெடுந்தூரப் பயணிகளை இடிஎஸ் எடுத்துக்கொண்ட பின், அங்கே ஆள் ஏற்றி ஓடிய டீசல் எஞ்சின்களுக்குச் சரக்கே முக்கிய வேலையாகிவிட்டது. அவற்றின் பல்லை யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.